அம்பு பார்த்து மாட்டவும்

பாம்பன் பாலத்தில் மூன்றாவது முறையாக நின்றுவிட்டது வண்டி.
பின்னால் ஈரச் சாக்குக்குள் இருநூறு மல்லிகைப் பதியன்.
நடுப்பாலத்துக் கச்சான்
நிற்பவளைத் தள்ளும், நகர்பவளை நிறுத்தும்,
அதற்கென்று ஒரு கொள்கை கிடையாது.
ராமேஸ்வரம் போகிற வேனிலிருந்து ஒருவர்
ரயில் பாலத்தைப் படம் பிடித்தார்.
ஓரத்தில் நானும் விழுந்திருப்பேன்,
உதைத்தபடி.

பத்து நிமிடம் விட்டால் கிளம்பும்.
இரண்டு கிலோமீட்டர் ஓடும்.
பிறகு விக்கல், விக்கல்,
காற்றுச் சத்தம் மட்டும்.

"ஃபில்டரா இருக்கும்க்கா" என்றான் ஸ்பேர்ஸ் கடைப் பையன்,
ஃபோனிலிருந்து தலையெடுக்காமல்.
நாற்பத்தைந்து ரூபாய்.
மாட்டித் தர நூற்றைம்பது.
ஒரு பதியனுக்கு எனக்கு ஐம்பது காசு.
முந்நூறு செடி நிற்கும் அந்தக் கூலியில்.
கவரை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

தடைக்காலம். சூசை கொல்லத்தில்,
யாருடைய படகிலோ.
அடுப்பை அணைத்துவிட்டு
வாசல் மணலில் பழைய ஃபிளெக்ஸை விரித்தேன்.
யாரோ ஒரு பிள்ளையின் காதுகுத்து;
கன்னத்தின் மேல் இடுக்கி, நெற்றியில் டம்ளர்.
வெறும் மணலில் விழுந்த கிளிப்
கடலில் விழுந்த மாதிரிதான்.
பிலோமி ஃபோன் வெளிச்சம் பிடித்தாள்,
பாதி நேரம் தன் முகத்துக்கே.

டேப்பை மூடினேன்.
கிளிப்பின் இரண்டு காதையும் சேர்த்துப் பிடித்து இழுத்தால்
ஒன்று வந்தது.
மற்றது உப்பு தின்ற மிச்சம்,
இரண்டாக வந்தது.
டியூபைத் திருகித் திருகிக் கழற்றினேன்.
டம்ளரில் சொட்டியது
பெட்ரோல் நிறத்தில் இல்லை.
ஒரு நீலம்.
மூக்குக்குத் தெரிந்த நீலம்:
வள்ளத்துக்குத் தருகிற மண்ணெண்ணெய்.

பழைய ஃபில்டரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தோம்.
துரு. கடற்கரை மணல்.
டேப்புக்குள் இருக்கிற சல்லடை
எப்போதோ கிழிந்திருக்க வேண்டும்.
மடிப்பில் ஒட்டிக்கொண்டு
நகக்கண் அளவு ஏதோ மினுங்கியது.
"செதிலும்மா" என்றாள் பிலோமி.
சூடை மீனின் செதில்.
என் வண்டியில் பதியன்தான் ஏறும்,
மீன் ஏறியதே இல்லை.

கிளீட்டஸ்.
என் கொழுந்தன்.
அவன் வள்ளத்து எஞ்சின் பெட்ரோலில்தான் எழும்,
எழுந்த பிறகு மண்ணெண்ணெயில் ஓடும்.
விடியலுக்கு முன் கொஞ்சம் உறிஞ்சிக்கொண்டு
எடுத்த அளவுக்கு எண்ணெயை ஊற்றி வைத்திருக்கிறான்,
கடலில் கிடந்த அதே புனலால்.
அளவு குறையக் கூடாதாம்.
அதில் அவன் ரொம்ப நேர்மை.

கோபத்தில் புதியதைத் தலைகீழாகச் செருகிவிட்டேன்.
கவரில் எழுதியிருந்தது: அம்பு பார்த்து மாட்டவும்.
அம்பு டேங்கைப் பார்த்தது.
மறுபடி கழற்றி, கார்புரேட்டர் பக்கம் திருப்பி,
ஃபிளாஸ்க் வெந்நீரில் டியூபின் முனையை நனைத்து,
துடைத்து, அழுத்தினேன்.
உடைந்த கிளிப்புக்குப் பதில் தங்கூசி,
ஏழு சுற்று, வலை முடிச்சு.
டேங்கில் கிடந்ததையெல்லாம் கேனில் வடித்துவிட்டு
பங்க்கிலிருந்து பாட்டிலில் ஒரு லிட்டர்.
டேப்பைத் திறந்தேன்.
கண்ணாடி வயிறு மெல்ல நிறைய
உள்ளே ஒரே ஒரு குமிழி,
எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல்.
ஐந்தாவது உதையில் எழுந்தது.

இரவே கரைக்குப் போய்
அவன் எஞ்சின் கழுத்தில் கேனை மாட்டினேன்.
கேனின் கழுத்தில், தங்கூசியில்,
பழைய ஃபில்டர்.
செதில் வெளியே தெரிகிற மாதிரி.

காலையில் சீட்டின் மேல் ஒரு பொட்டலம்.
பிரித்தால் கிளிப்.
ஒன்றே ஒன்று, புதுசு.
எப்போது வந்து பார்த்தான்,
எந்த முடிச்சு தங்கூசி என்று?
நான் கேட்கவில்லை. அவனும் அந்த வாரம் முழுக்க
எங்கள் தெரு வழியாகக் கரைக்குப் போகவில்லை.

பாலத்தில் ஏறினேன், இருநூற்று நாற்பது பதியனோடு.
வண்டி நிற்கவில்லை.
ஆனாலும் நடுப்பாலம் வந்ததும்
காது விக்கலைத் தேடியது,
வலது கால்
உதைப்பதற்குத் தயாராகக் கொஞ்சம் தூக்கியே இருந்தது,
மண்டபம் வரைக்கும்.